போதகர்களே, இன்னும் பதில் கிடைக்காதவர்களும் சாட்சி சொல்லட்டும்

அன்புள்ள போதகர்களுக்கும், ஜெபக்குழுக்களை நடத்துகிற சகோதர சகோதரிகளுக்கும், கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பலபேருக்குப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. கடன் அடையவில்லை, வேலை கிடைக்கவில்லை, வீட்டில் ஒருவர் குடியை விடவில்லை, குழந்தை இல்லை, மருத்துவ ரிப்போர்ட் இந்த முறையும் நல்லபடியாக வரவில்லை. வாராவாரம் வருகிறார்கள், பாடுகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், மற்றவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். சாட்சி நேரம் வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மேடையில் ஏறுகிற சாட்சி எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம்: கஷ்டம் வந்தது, ஜெபித்தோம், தீர்ந்தது, ஸ்தோத்திரம்.

அந்தச் சாட்சிகளை நான் குறை சொல்லவில்லை. தேவன் இன்றைக்கும் சுகம் கொடுக்கிறார், வழி திறக்கிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிற ஒருவர், பல வருஷமாக ஒரே காரியத்துக்காக அழுதுகொண்டிருப்பவர், என்ன முடிவுக்கு வருவார் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, தேவனுக்கு என்மேல் அக்கறை இல்லை. இல்லாவிட்டால், என் விசுவாசம் போதவில்லை. முதலாவதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், பயம். இரண்டாவதை நாமே அவருக்குச் சொல்லிவிடுகிறோம். “இன்னும் கொஞ்சம் விசுவாசியுங்கள் சகோதரி” என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறோம், அவர் ஏற்கெனவே சுமக்கிறதன் மேல் இதுவும் ஒரு சுமை.

எரேமியா 29:11 நம் எல்லாருக்கும் மனப்பாடம். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எத்தனை பிரசங்கங்கள், எத்தனை வாழ்த்து அட்டைகள்! எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாராவது சேர்த்து வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். வாக்குத்தத்தம் உண்மைதான், ஆனால் அது நிறைவேறும்வரை ஒரு முழு ஆயுள்காலம் அந்நிய தேசத்தில் அன்றாடம் வாழவேண்டியிருந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், பாபிலோன் ராஜா வைத்த நுகம் முறிந்துவிடும் என்று கர்த்தருடைய பெயரைச் சொல்லி ஆலயத்திலே, எல்லா ஜனங்களும் பார்க்கச் சொல்கிறான். நினைத்துப் பாருங்கள், 70 வருஷம் என்றவனையும் இரண்டு வருஷம் என்றவனையும் வைத்தால் ஜனங்கள் யார் பேச்சை விரும்பியிருப்பார்கள்? வேதம் அனனியாவைப் பொய்யை நம்பப்பண்ணினவன் என்கிறது. ஐயா, இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதம் அற்புதம், இந்த வருஷம் விடுதலை என்று தேதி குறித்துச் சொல்வதற்குமுன் ஒரு நிமிடம் எரேமியா 28-ஐ வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால் அந்தத் தேதி கடந்துபோன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க நீங்கள் அங்கே இருப்பதில்லை.

அப்போஸ்தலன் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எபேசுவில் அவர் உடலில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல், அதே எபேசுவைச் சேர்ந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தன் கடைசிக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகிறார். விளக்கம் இல்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. தன் சரீரத்தில் இருந்த, ‘முள்’ என்று அவரே சொன்ன வேதனை நீங்கவேண்டும் என்று கர்த்தரிடம் மூன்றுதரம் கேட்டார், “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது, முள் இருந்தது. தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம், அந்தக் காலத்து மருந்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது யாரிடமாவது சொல்கிற இடத்தில் நீங்கள்தான் எழுந்து தடுக்கவேண்டும். சர்க்கரைக்கோ, இரத்த அழுத்தத்துக்கோ, மனச்சோர்வுக்கோ மருந்து எடுக்கிறவர் தேவனை நம்பாதவர் இல்லை. இதில் தயங்கவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது.

அப்போ அன்றாடக் கஷ்டத்தில் விசுவாசம் என்றால் என்ன, எதையும் எதிர்பார்க்காமல் சும்மா பொறுத்துக்கொள்வதா? இல்லை. சங்கீதங்களை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் சும்மா பொறுத்துக்கொள்வதில்லை. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல், சிநேகிதர்கள் தூரமாகிப்போனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே முடிகிறது. முடிவில் ஒரு துதியைச் சேர்த்து அதைச் சரிசெய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, வேதத்தில் அது அப்படியே இருக்கிறது. ஆனாலும் அதை எழுதியவர் கர்த்தரிடம்தான் பேசுகிறார், இரவும் பகலும் பேசுகிறார். என்னைக் கேட்டால் விசுவாசம் அங்கேதான் இருக்கிறது: பதில் வராத நாளிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரிடமே போய் முறையிடுவது. கோபம் இருந்தால் கோபத்தோடு போவது. அழுகை வந்தால் அழுவது. எதுவுமே வராவிட்டால், மற்றவர்கள் ஜெபிக்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

தீர்க்கதரிசி எலியாவின் கதையும் இப்படித்தான். சூரைச்செடியின் கீழ் படுத்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை. அடையும் தண்ணீரும் கிடைத்தது, தூங்கவிட்டார்கள், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். பிரயாணம் வெகுதூரம் என்று தூதன் ஒத்துக்கொள்கிறான், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. கர்த்தர் எலியாவிடம் கேள்வி கேட்டது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர், என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொண்டது அவர்களைத்தான், புலம்பித் தீர்த்த யோபுவை இல்லை.

விசுவாசம் குறைந்தவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களைப் பற்றி மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு இடங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. ஒன்று 9-ஆம் அதிகாரம், வலிப்பினால் கஷ்டப்படுகிற மகனைக் கொண்டுவந்த தகப்பன். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுகிறார். போய் விசுவாசத்தை நிறைவாக்கிக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு நின்றவருடைய மகனை எழுப்பிக்கொடுத்தார்.

இன்னொன்று 2-ஆம் அதிகாரம், திமிர்வாதக்காரனை, அதாவது நடக்கமுடியாமல் படுக்கையில் கிடந்தவனை, நாலுபேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் உள்ளே போகமுடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அது. இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் என்ன நம்பினான் என்று தனியாக ஒரு வரி இல்லை. ஒரு மனுஷனால் நம்பமுடியாமல் போகிற நாட்கள் வரும், பெரிய நோயோ மரணமோ வீட்டுக்குள் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் அவனுக்காக நம்பவேண்டியது சபை. உன் விசுவாசம் எங்கே என்று அவனைக் கேட்கிற நேரத்தில், படுக்கையைத் தூக்க அந்த நாலுபேர் எங்கே என்று நாம் நம்மைக் கேட்டிருக்கவேண்டும். அது வெறும் ஜெபத்தோடு முடிகிற காரியமும் இல்லை. குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறாரே. மருத்துவமனையில் ஒரு இரவு துணைக்கு இருப்பதும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் கட்டுவதும், வேலை தேடுகிறவருக்காக நாலு இடத்தில் விசாரிப்பதும் அந்தப் படுக்கையைத் தூக்குவதுதான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த சாட்சி நேரத்தில், பதில் கிடைத்தவர்களோடு கூட, இன்னும் கிடைக்காத ஒருவரையும் அழையுங்கள். முன்னாலேயே தனியாகப் பேசி அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். கடன் அப்படியே இருக்கிறது, நோய் அப்படியே இருக்கிறது, ஆனாலும் நான் இங்கே வருகிறேன், இன்னும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சொல்லட்டும். அவர் முடித்ததும் மைக்கை வாங்கி, சீக்கிரத்தில் அற்புதம் நடக்கும் என்று தயவுசெய்து சேர்க்காதீர்கள். காரணமும் சொல்லாதீர்கள். சபையை எழுந்து நிற்கச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள், கூட்டம் முடிந்தவுடன் அவருக்கு இந்த வாரம் என்ன தேவை என்று கேளுங்கள், அதற்கு அடுத்த வாரமும் கேளுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
உங்கள் பிரசங்கத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர்களில் ஒருவன்