முன்னோடிகளின் வரலாற்றிலிருந்து போரை நீக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் அறிவியல் முன்னோடிகள் பற்றிய கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். எங்கள் மலையூர்ப் பள்ளிகள் சிலவற்றில் அவற்றை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கிறார்கள் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அண்மையில் வெளியான ஒரு வாசகர் கடிதம், பிள்ளைகளுக்கான அறிவியல் பகுதியில் போரையும் அரசியலையும் கலக்காமல் கண்டுபிடிப்புகளை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட கடிதம்தான். ஆயினும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. அறிவியலாளர்களின் வாழ்க்கையிலிருந்து போரையும் அநீதியையும் எடுத்துவிட்டால், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே பாதிதான் விளங்கும். இன்று குண்டு விழும் ஊர்களில் ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களும் அதே வரிசையில் வருபவர்கள் என்பதைப் பிள்ளைகள் ஒருபோதும் அறியமாட்டார்கள்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் தனிம வரிசை அட்டவணையைப் படிக்கும் எந்த மாணவரும் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லியின் பெயரைக் கடந்தே வருகிறார். தனிமங்களை அணு நிறையால் அல்ல, அணு எண்ணால், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையால், வரிசைப்படுத்த வேண்டும் என்பதை 1913-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் எக்ஸ் கதிர் நிறமாலைகளை அளந்து காட்டியவர் அவர். 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் காலியாக இருக்கின்றன என்று அவருடைய அளவீடுகள் சுட்டின. அந்த நான்கு தனிமங்களும் பின்னாளில் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. வகுப்பில் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் உலகப் போரில் படையில் சேர்ந்த மோஸ்லி, 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிபோலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. காலியிடங்களில் ஒன்றுகூட நிரம்பியதை அவர் காணவில்லை. இந்தச் செய்தியைச் சேர்த்துச் சொன்னால் அட்டவணைப் பாடம் கெட்டுவிடும் என்று யாராவது கூற முடியுமா?

குன்னூரில் வாழ்பவர்களுக்கு அறிவியலையும் போரையும் பிரித்துப் பார்ப்பது இன்னும் கடினமாக இருக்க வேண்டும். சிம்ஸ் பூங்காவின் அருகே 1907-இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தேடி அந்நாளில் தென்னகத்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் மலையேறி வந்த இடம் அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில், கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் எழுந்த கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன்; அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே வேதியியல் இரு பக்கமும் எப்படிப் பாய்கிறது என்பதைப் பாடநூலைவிட இந்த ஊரே தெளிவாகக் காட்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியை ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹாபர் கண்டறிந்தார். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் யூரியா அந்த வழியில்தான் பிறக்கிறது. அதே அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம் வருகிறது. நைட்ரிக் அமிலம் இல்லாமல் கார்டைட் போன்ற வெடிமருந்து இல்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, அந்தத் திட்டத்தை நடத்தியவர் ஹாபர். அவருடைய மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெர்மனியில் அத்துறையில் அப்பட்டத்தை எட்டிய முதல் பெண்களில் ஒருவர். அடுத்த மாதமே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹாபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த அதே ஹாபர், 1933-இல் நாஜி ஆட்சியில் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. உலகத்துக்குச் சோறிட்டவர் என்று மட்டும் அவரைப் பற்றி எழுதினால் அது உண்மைக்குச் செய்யும் துரோகம். விஷவாயு தந்தவர் என்று மட்டும் எழுதினாலும் அப்படியே.

1914 அக்டோபரில், ஜெர்மன் படையின் செயல்களை நியாயப்படுத்திய அறிக்கையில் ஒப்பமிட்ட 93 அறிஞர்களில் ஹாபரும், குவாண்டம் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட பிளாங்கும் இருந்தார்கள். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜனும் இருந்தார். அதை மறுத்து எழுதப்பட்ட அறிக்கையில் ஐன்ஸ்டீனுடன் சேர்ந்து கையெழுத்திட முன்வந்தவர்கள் மிகச் சிலரே. மேதைமை வேறு, மனத்துணிவு வேறு என்று பிள்ளைகளுக்கு நாம் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை. இந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டினால் போதும்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். உதகையை அடுத்த முத்தோரையில் மலைச்சரிவோடு சாய்ந்து நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திராத நீலகிரி மாணவர்கள் குறைவு. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது 1970-இல் இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கும் நமது மலையில், அதே அளவு சாய்ந்த சரிவைத் தேடிப் பிடித்தார். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றி, வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது. பணபலம் குறைந்த நாடு ஒன்று, இருக்கும் மலையையே கருவியின் பாகமாக்கிக்கொண்ட இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் உக்ரைனின் கார்கிவ் நகருக்குத் தெற்கே, ஹ்ராகோவே என்ற சிற்றூரின் அருகில், மற்றொரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. 2,000-க்கும் மேற்பட்ட அலைவாங்கிகளை வயல்வெளியில் வரிசையாக நட்டு அமைத்த அக்கருவி, மிகக் குறைந்த அலைவரிசைகளில் வானத்தைக் கேட்கும் கருவிகளில் உலகிலேயே மிகப் பெரியது எனப் பெயர் பெற்றது. 2022-இல் ரஷ்யப் படை அந்த வளாகத்தைப் பிடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அப்பகுதி மீட்கப்பட்டபோது கட்டடங்கள் சிதைந்தும் கருவிகள் உடைந்தும் களவாடப்பட்டும் கிடந்தன. முத்தோரையைப் பற்றிப் பெருமையோடு எழுதும் நாம், அதன் ஒத்த வயதுத் தோழமைக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதாமல் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

காஸாவில் இழப்பு இன்னும் கொடியது. காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த இயற்பியலாளர் சுஃப்யான் தாயே, 2023 டிசம்பர் 2 அன்று இஸ்ரேலின் வான்தாக்குதலில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அவருடைய பல்கலைக்கழகக் கட்டடங்கள் அதற்கு முன்பே தகர்க்கப்பட்டிருந்தன. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை மறக்காத நாம், இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை பறித்து வாழும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, இதை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்குவது எந்த வகையிலும் நியாயமில்லை.

அநீதி எப்போதும் குண்டோடுதான் வரும் என்பதில்லை. 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்கோனா மரங்கள் நீலகிரியின் நடுவட்டம் என்ற ஊரில் வளர்க்கப்பட்டன; அவற்றின் பட்டையிலிருந்து எடுத்த குவினைன் மலேரியாவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அந்தத் தோட்டங்களில் உழைக்க வைக்கப்பட்டவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். சின்கோனாவைக் கொண்டுவந்த மார்க்கமும் அதை இங்கே வளர்த்த மெக்கைவரும் நூல்களில் இடம்பெற்றார்கள். அந்தக் கைதிகளின் பெயர்களை யாரும் எழுதி வைத்துப் போற்றவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முன்னோடி ஒருவரைப் பற்றிய கட்டுரையில் அவர் வாழ்ந்த காலத்தின் போரும் அநீதியும் அவரை எப்படித் தொட்டன என்பதற்கும் இடம் ஒதுக்குங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டி முத்தோரையைப் பற்றி எழுதும்போது ஹ்ராகோவேயையும் குறிப்பிடுங்கள். இயற்பியலாளர்களின் வரிசையில் சுஃப்யான் தாயேவின் பெயரையும் சேருங்கள். எழுதுவதற்குத் தகவல் திரட்டித் தரவும், பிள்ளைகளின் வயதுக்கேற்பச் சொல்லும் முறையைப் பரிந்துரைக்கவும் இந்த மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.