பக்கத்துக் கட்டில் அப்பத்தாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று காலை நானே குளித்தேன், நானே தலை சீவினேன். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதனால் அதற்குள் போகவில்லை.

அந்த ராத்திரியில் ஆட்டோவோடு ஓடிவந்த எதிர்வீட்டுத் தம்பி, முகம் சுளிக்காத சிஸ்டர்கள், ஸ்பேசர் என்கிற குடுவையை மாட்டி இன்ஹேலர் மருந்தை இழுக்கப் பொறுமையாகச் சொல்லித்தந்த டாக்டரம்மா, செலவுக்குப் பணம் சேர்த்த என் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பீடி, சிகரெட் பக்கமே போகாதவளுக்கு விறகுப் புகையால் வந்த நுரையீரல் நோய் என்று தெரிந்ததும், நான் விறகடுப்பில் ஆக்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர் அழுதீர்கள். அழ வேண்டாம் கண்ணுகளா. உங்களுக்குச் சோறாக்கியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்பத்தா, இனி உங்களுக்கு. நான் சொல்லிக்கொள்வதற்குள் உங்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பேரன் இதை வாசித்துக் காட்டுவான் என்று நம்பி எழுதுகிறேன்.

கண்டம் தாண்டிய பிறகு எனக்கு மிச்சமிருந்த பயம் குளியல்தான். வார்டு வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டார்கள். அது தேவைதான். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கணக்கில் வராது. மூச்சு முட்டி, கண் இருட்டிவிடும். வயசுக்கு வந்த மகளிடம் குளிப்பாட்டிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்த நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் பேரன் உட்காருவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை என் மகள் கையில் கொடுத்தீர்கள். “நின்னுக்கிட்டு எதுக்குத் தாயி குளிக்கிற? உக்காந்து குளி. வாளியையும் ஒசத்தி வையி, குனியாத” என்றீர்கள். அதோடு விடவில்லை. வெறும் மக்கை என்னிடம் கொடுத்து, கட்டிலிலேயே ஒத்திகை பார்க்க வைத்தீர்கள். மக்கைத் தூக்கும்போது உதட்டைக் குவித்து ஊத வேண்டும், இறக்கி வைத்துவிட்டு மூக்கால் இழுக்க வேண்டும். விளக்குச் சுடர் அணையாமல் அசைகிற அளவுக்குத்தான் ஊத வேண்டும் என்று திருத்தித் திருத்திச் சொன்னீர்கள். ரெண்டு வார்த்தை பேசினாலே உங்களுக்கு இளைப்பு வரும். அந்த மூச்சைத்தான் எனக்காகச் செலவழித்தீர்கள்.

பிற்பாடு பிசியோதெரபி தம்பி காரணம் சொன்னார். இந்த நோயில் மூச்சை வெளியே விடும்போது சின்னக் குழாய்கள் சுருங்கி, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுமாம். உதட்டைக் குவித்து ஊதினால் அவை திறந்திருக்குமாம். நம்மைப் போன்றவர்களுக்குக் கழுத்தும் தோளும்கூட மூச்சு இழுக்க உதவுகின்றன, கையைத் தூக்கினால் அந்தத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன என்றார். அதனால் இப்போது முழங்கையை மேசையில் ஊன்றித்தான் சீவுகிறேன். குளித்ததும் உடம்பைத் தேய்த்துத் துவட்டுவதில்லை, பழைய நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு அது ஈரத்தை இழுக்கும் வரை உட்கார்ந்துவிடுகிறேன். கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும். சும்மா படுத்தே கிடந்தால் கால் தசை வற்றி, இளைப்பு இன்னும் சீக்கிரம் வருமாம். முடிகிற வேலையை நானே செய்யப் போகிறேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன் அப்பத்தா. அடுத்து செக்கப்புக்குப் போகும்போது, வரிசையில் இளைப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் நானாகவே பேச்சுக் கொடுத்து, எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்பேன். நம் தெருவில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், செய்து காட்டுகிறேன். ஸ்டூல் வாங்கினால் காலில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஈரத்தரையில் வழுக்கும்.