கொப்பரை ஓரத்திலிருந்து ஒரு கடிதம்

கவுந்தப்பாடி
தை பிறந்து பத்தாம் நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஃபிளாரன்ஸ் பக்கம் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதம் வந்தது. ஆன்டினோரி குடும்பம் 1385-லிருந்து ஒயின் தொழிலில் இருக்கிறது, இப்போது 26-ஆவது தலைமுறை என்று படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் நம்ம கரும்பாலைக்கு மூன்றே தலைமுறை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, போட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குச் சாறு புளித்தால்தான் பிழைப்பு. எனக்குப் புளித்தால் போச்சு. வெட்டிய கரும்பு ரெண்டு நாள் வெயிலில் கிடந்தாலே சர்க்கரை பிசுபிசுவென்று நிற்கும். அவர்கள் பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்காகக் காத்திருக்கலாம். எனக்கு வாய்ப்பது ஒரே நிமிஷம்.

சாறு காய்ச்சும் கொப்பரை ஓரத்தில் அப்பா நிற்பது உனக்கு ஞாபகம் இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு அழுக்கெடுத்த கரும்புப் பால், சக்கை நெருப்பில் சுண்டிச் சுண்டிக் கடைசியில் தளக் தளக்கென்று கொதிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டி, விளிம்பில் தட்டுவார். சத்தம் கேட்டால் "இறக்கு" என்பார். முந்தினால் வெல்லம் பிடிக்கலாம், சர்க்கரையாக உதிராது. பிந்தினால் கருகும். என்னை உட்கார வைத்து ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. அவர் படுக்கையில் விழுந்த வருஷம் நான் தனியாக இறக்கிய முதல் கொப்பரை தீய்ந்துபோனது. மாட்டுக்குக்கூட வைக்க முடியவில்லை.

மகள் இப்போது தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். 120 டிகிரிக்குப் பக்கம் வந்ததும் கூப்பிடுவாள். நான் போய்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். அவளுக்குக் கோபம்.

போன மாதம் ஒரு வியாபாரி வந்து, நிறம் போதாது, வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸ் மருந்தைப் போடு, கூடக் கொஞ்சம் அஸ்காவும் (வெள்ளைச் சர்க்கரை) கலந்து காய்ச்சு என்றான். மாட்டேன் என்றதும் விலையைக் குறைத்தான். சரி போ என்று 60 கிலோ மூட்டைகளாகக் கட்டி நம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்துக்கு ஏற்றிவிட்டேன். பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்கு எடுப்பது அங்கேதான். ஆனால் அங்கேயும் நிறம் பார்த்துத்தான் விலை என்பது தனிக் கதை.

உனக்கு ரெண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் ஆள் யாராவது இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன். அப்புறம், மறுபடி அந்தப் பக்கம் போனால் ஒன்று மட்டும் கேட்டு எழுது: 26 தலைமுறையில் முதல் பீப்பாயையே கெடுத்தவன் அவர்கள் வீட்டிலும் ஒருத்தனாவது இருப்பானா?

அன்புடன்,
உன் ஆலைக்காட்டு மாப்பிள்ளை