குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவ மருந்துகள்: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை,
தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கப்படும் பாராசிட்டமால் திரவ மருந்துகள் நம் மருந்துக் கடைகளில் பல செறிவுகளில் விற்கப்படுகின்றன. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப், அதே 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்று அவை ஒரே அலமாரியில், பெரும்பாலும் ஒரே வணிகப் பெயரில், அடுத்தடுத்து நிற்கின்றன. 60 மி.லி. கொண்ட 125 மி.கி. சிரப் பாட்டில் ஒன்றையும் 15 மி.லி. கொண்ட சொட்டு மருந்து பாட்டில் ஒன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பவர், சிறியதில் மருந்து குறைவு என்றுதான் நினைப்பார். இரண்டிலும் இருப்பது சரியாக 1,500 மி.கி. பாராசிட்டமால். இந்தச் செறிவு வேறுபாட்டை ஒழிக்க வேண்டும், ஒழியும் வரையில் அதைத் தமிழில் பாட்டிலின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே, பல ஆண்டுகளாக மருந்துக் கடையில் மருந்தாளுநராகப் பணிபுரியும் நான் இம்மடலை எழுதுகிறேன்.

பாராசிட்டமால் ஒரு நல்ல மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆஸ்பிரினைப் போல வயிற்றைப் புண்ணாக்குவதில்லை, இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பதில்லை. டெங்கு காய்ச்சலில் மருத்துவர்கள் இதை மட்டும் கொடுக்கச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. 1870களின் பிற்பகுதியிலேயே தயாரிக்கப்பட்டிருந்தாலும், 1948இல் பிராடி, ஆக்செல்ராடு என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வுக்குப் பின்னரே மருத்துவ உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. வயிற்றிலும் குடலிலும் அது பெரும்பாலும் மின்னேற்றம் பெறாமலேயே இருப்பதால் விரைவாக உறிஞ்சப்படுகிறது. குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும். இவையெல்லாம் நன்மைகள். சிக்கல் அதன் கரைதிறனில் தொடங்குகிறது.

அறை வெப்பநிலையில் 1 மி.லி. தண்ணீரில் ஏறத்தாழ 14 மி.கி. பாராசிட்டமால்தான் கரையும். மிகக் குறைந்த செறிவுள்ள சிரப்பிலேயே மி.லி.க்கு 24 மி.கி. இருக்கிறது, சொட்டு மருந்தில் 100 மி.கி., அதாவது தண்ணீர் தாங்கக்கூடியதைப் போல ஏழு மடங்கு. ஆகவே தயாரிப்பாளருக்கு இரண்டே வழிகள் உள்ளன. கரையாத தூளைக் கெட்டியான திரவத்தில் மிதக்கவிட்டுத் தொங்கல் நிலையில் வைக்கலாம். அல்லது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற துணைக் கரைப்பான்களைச் சேர்த்துக் கரைக்கலாம். இரண்டு வழிகளிலும் ஆபத்து இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு வகையானவை.

முதல் வழியில் தயாரான மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால், மேலே தெளிந்த பகுதியில் மருந்து குறைவாகவும் அடியில் தங்கிய பகுதியில் அதிகமாகவும் இருக்கும். முதல் இரண்டு நாள் காய்ச்சல் குறையவில்லை என்று தாய் அளவைக் கூட்டுவதும், பாட்டிலின் கடைசிப் பகுதியை ஊற்றும்போது அந்தக் கூட்டிய அளவே அடர்ந்த மருந்தாக வருவதும் நடக்கக்கூடியவையே. 'நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்ற நான்கு சொற்கள் அதைத் தடுத்துவிடும். அவை ஆங்கிலத்தில், லேபிளின் ஓரத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கின்றன.

இரண்டாவது வழியின் ஆபத்தைத் தங்கள் துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புரோப்பிலீன் கிளைக்காலையும் கிளிசரினையும் போலவே நிறமற்று, இனிப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் மருந்தில் கலந்துவிட்டால், உடலில் அது டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகங்களை அழிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வங்கதேசத்திலும் 1995–96இல் ஹைட்டியிலும் குழந்தைகள் இறந்தது பாராசிட்டமால் சிரப்பைக் குடித்துத்தான்; அவர்களைக் கொன்றது பாராசிட்டமால் அன்று, அதைக் கரைக்க ஊற்றிய திரவம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதிலும் பாராசிட்டமால் ஒரு கூறாக இருந்தது. 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 விழுக்காடு இருந்ததைக் கண்டறிந்தது தங்கள் துறையின் ஆய்வகமே. அந்த விரைவைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சோதனை நடந்தது, குழந்தைகள் இறந்த பிறகு, பாட்டிலில். நடந்திருக்க வேண்டியது கரைப்பான் தொழிற்சாலைக்குள் நுழைந்த நாளில், ஒவ்வொரு டிரம்மிலும். அது குறித்து அன்றிலிருந்து பலரும் பேசிவருவதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கலப்படமே இல்லாத, தரமான மருந்தும் அளவு தவறினால் என்ன செய்யும் என்பதே அதிகம் பேசப்படாதது. உடலுக்குள் சென்ற பாராசிட்டமாலில் மிகப் பெரும் பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்துடனும் சல்பேட்டுடனும் இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. 5 முதல் 10 விழுக்காடு வரை வேறொரு நொதியின் வழியாகச் சென்று, என்.ஏ.பி.க்யூ.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும், கடுமையாக வினைபுரியும் ஒரு பொருளாகிறது. கல்லீரலில் இருக்கும் குளுட்டதயோன் என்னும் காப்புப் பொருள் அதை உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிகும்போது முதல் இரண்டு பாதைகளும் நிரம்பி வழிந்து, மூன்றாம் பாதையில் வரும் நஞ்சு பெருகி, குளுட்டதயோன் இருப்பு தீர்ந்துபோக, எஞ்சிய நஞ்சு கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களோடு பிணைந்து அவற்றைக் கொல்கிறது. காய்ச்சலில் இரண்டு மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடாத குழந்தையிடம் அந்த இருப்பு முன்னரே குறைந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நஞ்சின் கொடுமை அது காட்டும் பொறுமையில் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, சோர்வு தவிர வேறொன்றும் தெரியாது. எந்தக் காய்ச்சலிலும் இருப்பவை அவை. இரண்டாம் மூன்றாம் நாட்களில் வலது மேல்வயிற்றில் வலியும் இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் உயர்வும் தோன்றும். மஞ்சள் காமாலையும் இரத்தக் கசிவும் மயக்கமும் வரும்போது காலம் கடந்திருக்கும். குளுட்டதயோனை மீட்டுத் தரும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அந்த 8 மணி நேரத்தில், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு பெருகும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. டெங்குவே கல்லீரல் நொதிகளை உயர்த்தும். மிகை மருந்தும் உயர்த்தும். எது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம்.

ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். நான் பணிபுரியும் கடைக்கு ஒரு மூதாட்டி காலையில் வந்து, தீர்ந்துபோன சொட்டு மருந்து பாட்டிலை மேசையில் வைத்து, "இதே மருந்து இன்னொண்ணு குடுங்க தம்பி, நேத்து வாங்கினது தீர்ந்துபோச்சு" என்றார். 15 மி.லி. சொட்டு மருந்து ஓர் இரவில் தீராது. எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சென்ற முறை வாங்கிய சிரப்பின் அளவுமூடி வீட்டில் இருந்தது. அதில் 5 மி.லி. கோடு வரை ஊற்றி, பாலாடையில் மாற்றி, மூன்று முறை புகட்டியிருக்கிறார். "அதே பேருதானே, அதே அளவுதான் குடுத்தேன்." குழந்தைக்கு ஒரு வயது, எடை 10 கிலோ அளவில் இருக்கும். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்ற கணக்கில் ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும். ஒவ்வொரு முறையும் 500 மி.கி. போயிருக்கிறது. உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். கல்லீரலுக்குப் பாதிப்பில்லாமல் குழந்தை வீடு திரும்பியது. மருந்தோடு வந்த சொட்டுக்குழல் எங்கே என்று கேட்டதற்கு, கழுவும்போது உடைந்துவிட்டது என்றார்.

அந்த மூதாட்டியின் மேல் நான் குறை காணவில்லை. அவர் அளந்துதான் கொடுத்தார். மூடியில் கோடு பார்த்து, கவனமாகவே கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் அந்த பாட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. மருந்தின் பொதுப்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. பெரிதாக அச்சிட்டாலும் ஆங்கிலம் ஆங்கிலந்தான். மூக்கொழுகலுக்கும் சளிக்கும் கொடுக்கும் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதும், தாய்மார்கள் அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

பெரியவர்களின் மாத்திரைகளில் அரசு முன்னரே தலையிட்டிருக்கிறது. கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்றும், கல்லீரல் பாதிப்பு குறித்த எச்சரிக்கை வேண்டும் என்றும் 2011இல் ஒன்றிய அரசு ஆணையிட்டது. அதே 2011இல், நம் சொட்டு மருந்தின் அதே செறிவில், அதாவது 0.8 மி.லி.யில் 80 மி.கி. என்ற அளவில் விற்றுவந்த கைக்குழந்தைச் சொட்டு மருந்தை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கைவிட்டு, குழந்தைகளின் திரவ மருந்து அனைத்தையும் 5 மி.லி.யில் 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்கு மாற்றினார்கள். அளவுக் குழப்பத்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதே காரணம். அவர்கள் விட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கைக்குழந்தைக்கு அதிக அளவு திரவத்தைப் புகட்ட முடியாது, ஆகவே செறிவான சொட்டு மருந்து தேவை என்று குழந்தைநல மருத்துவர்கள் சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை. 6 கிலோ குழந்தைக்குத் தேவையான 60 முதல் 90 மி.கி., 125 மி.கி. சிரப்பில் இரண்டரை முதல் மூன்றரை மி.லி.தான், ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக மெல்ல விட்டால் அக்குழந்தை விழுங்கிவிடும்.

லேபிளின் உள்ளடக்கத்தையும் அனுமதிக்கப்படும் செறிவையும் ஒன்றிய அரசின் விதிகளே தீர்மானிக்கின்றன என்பதை அறிவேன். எனவே கைக்குழந்தைச் சொட்டு மருந்தின் செறிவைக் கைவிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் வழியாக ஒன்றிய மருந்து ஆணையத்துக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தன் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் இரண்டு வரிகளைச் சேர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை: ஒரே செறிவு, தமிழ் லேபிள். ஒவ்வொரு பாட்டிலோடும் மி.லி. கோடிட்ட சிரிஞ்சு ஒன்றையும் தரச் சொன்னால் இன்னும் நல்லது. தனியார் கடைகளைப் பொறுத்தவரை, பாராசிட்டமால் திரவ மருந்தை விற்கும்போது குழந்தையின் எடையைக் கேட்டு, ஒரு வேளைக்கான மி.லி. அளவைப் பாட்டிலின் மேல் பேனாவால் எழுதித் தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். ஒரு நிமிட வேலை. மருந்தாளுநர் இல்லாமல் உதவியாளர்களை மட்டும் வைத்து நடக்கும் கடைகளில் இது நடக்காது என்பதும் உண்மை. அக்கடைகளைத் தங்கள் ஆய்வாளர்கள் அறிவார்கள்.

லேபிளில் இடமில்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். 60 மி.லி. பாட்டில் ஒன்றின் லேபிளில் ஒட்டிப் பார்த்து, படிக்கக்கூடிய அளவு எழுத்தில் அடங்கும்படி எழுதிய மாதிரி வாசகத்தைக் கீழே தருகிறேன். திருத்தங்கள் இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

"பாராசிட்டமால். 1 மி.லி.யில் 25 மி.கி. நன்றாகக் குலுக்கவும். எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு எழுதி வாங்கவும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளில் 4 முறைக்கு மேல் வேண்டாம். வேறு பாராசிட்டமால் மருந்தின் மூடியாலோ குழலாலோ அளக்க வேண்டாம். சளி மருந்தும் கொடுத்தால் அதிலும் பாராசிட்டமால் உள்ளதா என்று கேட்கவும். அளவு கூடிவிட்டால், குழந்தை நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்."

தங்கள் உண்மையுள்ள,
மருந்தாளுநர் ஒருவர்