லூயிஸ் மோயா சாருக்கு ஒரு கடிதம்

மோயா சார், வணக்கம்.

ரேஸ் பத்தி எழுதுறவங்க எல்லாரும் ஸ்டியரிங் பிடிச்சவங்களுக்குத்தான் எழுதுறாங்க, ராலி கார்ல டிரைவருக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து, ரோடு எப்படிப் போகுதுன்னு குறிச்சு வச்ச நோட்ஸ படிச்சு சொல்றவருக்கு யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

1998 நவம்பர், பிரிட்டன் ராலி. சாம்பியன்ஷிப்புக்கு உங்களோட மோதிட்டு இருந்த டாமி மாக்கினென் மொத நாளே, ரோட்ல கொட்டிக் கிடந்த ஆயில்ல வழுக்கி கான்கிரீட் கட்டைல மோதி, பின்சக்கரம் பிச்சுக்கிட்டு போய் அவர் கதை முடிஞ்சிருச்சு. உங்க டிரைவர் கார்லோஸ் சைன்ஸும் நீங்களும் நாலாவதா வந்தா போதும், 3 பாயின்ட் கிடைக்கும், ஒரே ஒரு பாயின்ட்ல சாம்பியன்ஷிப் உங்களுக்கு. நாலாவதுலதான் இருந்தீங்க. கடைசி ஸ்டேஜ் (ராலில தனியா நேரம் கணக்கு பண்ற ஒரு பகுதி), மார்கம் பார்க், ஃபினிஷுக்கு சில நூறு மீட்டர்தான் பாக்கி, அங்க போய் உங்க டொயோட்டா கொரோலாவோட இன்ஜின் உயிரை விட்டுச்சு. ஸ்டார்ட் பண்ணு கார்லோஸ், ஸ்டார்ட் பண்ணுன்னு சாமி பேர சொல்லி நீங்க கெஞ்சுறது வீடியோல கேக்குது. அப்புறம் இறங்கி ஹெல்மெட்ட தூக்கி பின் கண்ணாடில விட்டெறிஞ்சீங்க, கண்ணாடி நொறுங்கிருச்சு. பாயின்ட் 58க்கு 56, மாக்கினென் சாம்பியன்.

அந்த வீடியோவ சிரிப்பு எமோஜி போட்டு ஷேர் பண்றாங்க சார், எனக்கு ஆத்திரமா வரும். ராலில வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு டிரைவருக்கு கண்ணுக்கே தெரியாது, நீங்க சொல்றத நம்பித்தான் அவர் கால் ஆக்சிலேட்டர்ல இருக்கும். நீங்களோ தலைய குனிஞ்சு படிச்சிட்டே இருக்கணும், உங்க கால்ல பிரேக் கிடையாது, கைல ஸ்டியரிங் கிடையாது, ஒரு வரி லேட்டா சொன்னா ரெண்டு பேரும் மரத்துல போய் நிக்க வேண்டியதுதான். ராலி முழுக்க இந்த வேலைய பாத்துட்டு கடைசி சில நூறு மீட்டர்ல வண்டி கைவிட்டா யாருக்குத்தான் தாங்கும்?

துணிச்சல்னா எல்லாரும் சொல்ற கதை வேற. 1991 பிரேசில் ஃபார்முலா 1 ரேஸ்ல செனாவுக்கு கியர் ஒன்னொன்னா போய் கடைசில ஆறாவது மட்டும்தான் மிஞ்சுச்சு. ஸ்லோ கார்னர்ல ஆறாவது கியர்னா இன்ஜின் ஆஃப் ஆகாம பாத்துக்கணும், கியர குறைச்சு இன்ஜினாலயே வேகத்த குறைக்க முடியாது, பிரேக் அடிச்சாலும் வண்டி முன்னாடி தள்ளிட்டே போகும், அதுல மழை வேற. 2.991 செகண்ட்ல ஜெயிச்சாரு, கோப்பைய தூக்கவே கைல தெம்பில்ல. 1994 ஸ்பெயின்ல ஷூமாக்கர் அஞ்சாவது கியர்ல மாட்டிக்கிட்டு, அதே கியர்லயே பிட் ஸ்டாப்பும் பண்ணிட்டு ரெண்டாவதா வந்தாரு. ரெண்டு பேரையும் நானும் தலைல தூக்கி வச்சிதான் கொண்டாடுறேன். ஆனா அவங்களுக்கு கொஞ்சமாச்சும் வண்டி மிச்சம் இருந்துச்சு, அந்த மிச்சத்த வச்சு திறமைய காட்ட முடிஞ்சுது. உங்களுக்கு மிச்சமே இல்ல சார், அதுக்காக அதுவரைக்கும் நீங்க காட்டுன தைரியம் குறைஞ்சதா என்ன? 2016 லு மான்ஸ்ல டொயோட்டா டிரைவர் நகாஜிமாவுக்கும் இதேதான். 24 மணி நேர ரேஸ்ல லீட்ல இருந்த டொயோட்டா, இன்ஜினுக்கு காத்து போற பைப்போட ஒரு கனெக்டர் போனதால, கடைசி சில நிமிஷத்துல பவர் இல்லாம ஃபினிஷ் லைன் பக்கத்துலயே நின்னுருச்சு, கப்ப போர்ஷே எடுத்துட்டு போச்சு.

1990லயும் 1992லயும் நீங்க ரெண்டு பேரும் உலக சாம்பியன், அந்த வீடியோவ ஷேர் பண்றவங்கள்ல பாதி பேருக்கு இது தெரியாது, கீழ கமென்ட்ல நான்தான் போய் எழுதிட்டு வரேன்.

கடைசியா ஒன்னு கேக்கணும். 2020 சில்வர்ஸ்டோன் ஃபார்முலா 1 ரேஸ் நினைவிருக்கும், ஹாமில்டன் கடைசி லேப்ல முன் டயர் கிழிஞ்சும் ஜெயிச்ச ரேஸ். அதே ரேஸ்ல கார்லோஸோட பையன் நாலாவதா வந்துட்டு இருந்தான், அவனுக்கும் முடியப்போற நேரத்துல டயர் போய் 13வது ஆயிட்டான். மறுபடியும் அதே நாலாவது இடம். டிவில பாக்கும்போது எனக்கு மொதல்ல உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அன்னைக்கு நீங்க கார்லோஸுக்கு போன் பண்ணீங்களா சார், பண்ணியிருந்தா என்ன பேசிக்கிட்டீங்க?

இப்படிக்கு,
உங்க ரசிகன்