அபெர்டீனில் ஒரு காட்டுக்கோழி இறகு

அபெர்டீன்
மார்கழி 4

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. ஆனாலும் கடைவீதி மேட்டில் ஏறி இறங்குவதை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போடு. பேரன் உன்னை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். அவனை உடனே பார்க்க வேண்டும் போல இருக்கிறது இரண்டு பேருக்கும்.

இங்கே ஸ்காட்லாந்தில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலையில் வெளிச்சம் பார்க்க எட்டேமுக்கால் ஆகும். இவ்வளவு நீண்ட இரவுகளை எப்படித்தான் கழிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மரத்துப்போய் மடங்கவே மாட்டேன் என்றன. பின்னல், தையல் என்று ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்றார் பிசியோதெரபி பார்த்த பெண். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பூ கட்டுவதுதான். இந்த ஊரில் மல்லிக்கு எங்கே போவேன்? அப்போதுதான் நூலகத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு பார்த்தேன்: செவ்வாய்க்கிழமை மாலை, தூண்டில் ஈ கட்டக் கற்றுக்கொடுக்கிறோம், ஆரம்பக்காரர்கள் வரலாம்.

தூண்டில் ஈ என்றால் உனக்குப் புரியாது. நம் ஊர்ப் பையன்கள் ஓடையில் மண்புழு கோத்துத்தானே மீன் பிடிப்பார்கள். இங்கே புழுவுக்குப் பதிலாக, தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலவே செய்கிறார்கள். அதற்குப் பெயர் ஃபிளை. கற்றுக்கொடுக்கிறவர் எழுபத்தைந்து வயதுக்காரர், டீ ஆற்றில் கில்லியாக இருந்தவர். தூண்டில்காரர்களோடு ஆற்றுக்குப் போய் மீன் நிற்கும் இடம் காட்டுகிறவரை இங்கே கில்லி என்பார்கள். நம் கில்லிதாண்டில் வரும் அதே உச்சரிப்பு! எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு ஆற்றின் பெயரும் டீ என்றே அமைந்துவிட்டது.

மேஜை விளிம்பில் ஒரு சின்ன வைஸ். அதன் வாயில் முள்ளைக் கவ்வ வைக்க வேண்டும். நூல்கண்டு ஒரு கம்பிப் பிடியில் மாட்டியிருக்கும். அதைத் தொங்கவிட்டால் அதன் எடையே நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்று அவிழாது.

முதல் பாடம் ‘பிளாக் ஸ்பைடர்’. கறுப்பு நூலில் உடம்பு, பெட்டைக்கோழியின் கறுப்பு இறகில் கால்கள், அவ்வளவுதான். இறகை இரண்டே சுற்று சுற்ற வேண்டும். நான் ஐந்து சுற்று சுற்றினேன். நெருக்கிக் கட்டிய சரம்தான் அழகு என்று வளர்ந்தவர்கள் இல்லையா நாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் என் ஈயை முக்கினார். இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் தான் கட்டியதை முக்கினார். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக அசைந்தது, தண்ணீரில் விழுந்த பூச்சி காலை உதைக்கிற மாதிரியே. வீட்டுக்கு வந்து நானும் ஒரு டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது எதைக் கட்டினாலும் தண்ணீரில் பார்த்த பிறகுதான் சரி என்கிறேன்.

அடுத்த தவறு எல்லோருக்கும் வருவதாம். முள்ளின் காதை ஒட்டிக் கட்டிக்கொண்டே போய்விடுகிறோம். முடிக்கும்போது தலைக்கு இடம் இருப்பதில்லை, தங்கூசி கோக்கத் துளையும் அடைபட்டுவிடுகிறது. ஒரு காது அகலத்துக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடு, அந்தப் பக்கம் நூலே போகக் கூடாது என்றார். இது பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆனால் கடைசி முடிச்சு முதல் நாளே வந்துவிட்டது. நூலைக் கண்ணியாக்கி, அதன் மேலேயே நாலைந்து சுற்று சுற்றி இழுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, பலர் அதை வைத்துத்தான் போடுகிறார்கள். நான் விரலாலேயே போட்டேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். உங்கம்மா நம்மைத் திண்ணையில் உட்கார வைத்து வாழைநாரில் டிசம்பர் பூ கட்டச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அது வேறு முடிச்சு, இது வேறு முடிச்சுதான். ஆனால் இரண்டு விரலில் கண்ணி விரிப்பதும், நாரை எந்த அளவு இறுக்கினால் காம்பு அறுபடாது என்கிற கணக்கும் ஒன்றே. ஐம்பது வருஷம் கழித்தும் அது விரலில் இருந்திருக்கிறது, செல்வி.

இனிதான் முக்கியமான விஷயம். அக்டோபரில் சால்மன் ஈ தொடங்கினோம். சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறி வந்துவிட்டால் இரை எடுப்பதில்லை. அதனால் அதற்குக் கட்டும் ஈ எந்தப் பூச்சியைப் போலவும் இருக்க வேண்டியதில்லை, அதைச் சீண்டினால் போதும். ‘ஸ்டோட்ஸ் டெயில்’ என்று ஒன்று: கறுப்பு உடம்பு, வெள்ளி ஜரிகைச் சுற்று, மேலே கறுப்புச் சாயமேற்றிய அணில் மயிர். முடிந்ததும் அவர் ஒரு பழைய புகையிலை டப்பாவைத் திறந்து, இரண்டு பக்கமும் கன்னம் மாதிரி வைக்கச் சொல்லி இரண்டு சின்ன இறகு கொடுத்தார்.

கறுப்பும் சாம்பலுமான இறகு. நடுவில் வெள்ளையும் நுனியில் தேன்மஞ்சளுமாக, மெழுகு சொட்டி உறைந்த மாதிரி பொட்டுகள். தொட்டால் இறகு போல இல்லை, நகம் போல வழவழவென்று இருந்தது. இதற்கு ‘ஜங்கிள் காக்’ என்று பெயர், இந்தியாவிலிருந்து வந்த பறவை என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. நம் காட்டுக்கோழி! பள்ளிக்கூடம் போகும் வழியில் தேயிலைக்குள்ளிருந்து வந்து, கழுத்து மின்ன ரோட்டைக் கடந்து போகுமே, அந்தச் சேவலின் கழுத்து இறகு.

அன்று இரவு தூக்கமே வரவில்லை. தென்னிந்தியக் காடுகளின் பறவை அது. பாண்டிச்சேரியில் இருந்த சொனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் பெயரைத்தான் அதன் அறிவியல் பெயரில் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ‘ஜாக் ஸ்காட்’ போன்ற பகட்டான ஈக்களுக்காக நம் காட்டிலிருந்து இந்த இறகும், தென்னமெரிக்காவிலிருந்து டூக்கன் இறகும் கப்பலேறி வந்தன. சில ஜரிகைச் சுற்றுகளுக்கு நடுவே வைக்க எத்தனை கழுத்துகள் அறுபட்டிருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவரிடமே நேராகக் கேட்டேன். தான் வைத்திருப்பது இங்கேயே வளர்த்த கோழிகளின் இறகு என்று பில்லைக் காட்டினார். முழுக் கழுத்துத் தோல் ஒன்று நூறு பவுண்டுக்கு மேல். பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். நான் அதையே வாங்கி வந்துவிட்டேன், எனக்கு அதுதான் மனசுக்கு ஒத்துக்கொள்கிறது.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் மேகன் பாய்ட் என்ற பெண்மணி. வடக்கே புரோரா ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டே ஐம்பது வருஷம் போல ஈ கட்டியவர். 1971-ல் அரசாங்கப் பதக்கம் அறிவித்தார்கள். அன்றைக்கு நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவர் லண்டனுக்குப் போகவில்லை. கடைசி வரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை, கொல்ல மனம் வராது என்பாராம். இதைக் கேட்டபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. நானும் கட்டுவதோடு சரி. டீ ஆற்றில் பிடிக்கிற சால்மனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள் என்றாலும், தூண்டிலோடு கரையில் நிற்க எனக்கு ஆசை வரவில்லை. பிப்ரவரி முதல் தேதி சீசன் தொடங்குகிறது. நான் கட்டிய நாலு ஸ்டோட்ஸ் டெயிலை அவர் எடுத்துப்போகிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வீட்டுப் பின்பக்கம் இன்னும் காட்டுக்கோழி வருகிறதா? விடியற்காலையில் அது கூவுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பேன். தப்பித் தவறிக்கூட இறகு அனுப்பிவிடாதே. கீழே கிடந்ததாக இருந்தாலும் வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை அது. எனக்கு அந்தக் குரல் போதும். வருஷக் கணக்காயிற்று கேட்டு.

இந்த உறையில் ஓர் அட்டையில் குத்தி பிளாக் ஸ்பைடர் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டே சுற்று இறகு, தலைக்கு இடம் விட்டுக் கட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பேரனுக்குக் காட்டு. முள்ளின் முனையை நறுக்கிவிட்டேன், அவன் கையில் எடுத்தாலும் குத்தாது.

அன்புடன்,
கலா