சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுதா? டிராய்க்கு ஒரு திறந்த மடல்

போன் கம்பெனிகளுக்கு ரூல் போடுற டிராய்ல (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இருக்குற பெரியவங்களுக்கு வணக்கம்.

நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ்ல டெலிகாம் பில்லிங் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்றவன், பதினோரு வருஷமாச்சு. நைட் 11:58க்கு ஒரு டெஸ்ட் கால் போட்டு அப்படியே விடணும், 12 மணிக்கு பிளான் முடியும், முன்னாடி ரெண்டு நிமிஷம் எந்த ரேட்ல போச்சு பின்னாடி எந்த ரேட்ல போச்சுன்னு பைசா பைசாவா பாக்கணும், இதான் நம்ம பொழப்பு.

போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா கூப்ட்டாரு. "மெயின் பேலன்ஸ் 49 ரூவா இருந்துச்சுடா, காலைல பாத்தா 11 தான் இருக்கு." எந்தக் கம்பெனின்னு வேணாம் விடுங்க. கஸ்டமர் கேருக்கு அடிச்சு மியூசிக் எல்லாம் கேட்டு முடிச்சப்புறம் ஒரு பொண்ணு எடுத்து சொன்ன பதில், "சார், சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது."

அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே வரல. அது முன்னாடி இருக்குற மாதிரி ஸ்க்ரீன நானே டெஸ்ட் பண்ணிருக்கேன். தேதி, தொகை, "அதர் சார்ஜஸ்", அவ்ளோதான் தெரியும். ஆனா பின்னாடி இருக்குற ரெக்கார்ட்ல எல்லாமே இருக்கும், எந்த சர்வீஸ், எத வெச்சு ஆக்டிவேட் ஆச்சு, எந்த செகண்ட்ல காசு கழிஞ்சுது, கழியறதுக்கு முன்ன எவ்ளோ பின்ன எவ்ளோன்னு ஒண்ணு விடாம.

முன்னல்லாம் இது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து கால் ரெக்கார்ட் ஃபைலா வரும், ராத்திரி உக்காந்து மொத்தமா ரேட் போடுவாங்க. 2009ல டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசான்னு இறங்கினதும் மத்தவங்களும் பின்னாடியே நிமிஷக் கணக்க விட்டு செகண்டுக்கு வந்தாங்க. இப்ப நெட் ஆன் பண்ணா, சார்ஜிங் சிஸ்டம் பேலன்ஸ பாத்து கொஞ்சம் டேட்டாவ ஒதுக்கும், அது தீந்தா அடுத்த துண்டு, மிச்சமானா திருப்பி வாங்கிக்கும், அத்தனையும் கண் இமைக்கறதுக்குள்ள. அண்ணாச்சி கடைல மாசக் கணக்கு நோட்டு தனி, கல்லா தனின்னு இருக்கும்ல, அந்த மாதிரிதான் போஸ்ட்பெய்டும் பிரீபெய்டும் ஓடிட்டு இருந்துச்சு, 5ஜி வந்து ரெண்டையும் ஒரே இன்ஜின்ல போட்டாச்சு. எல்லாம் கிளவுட், எல்லாத்துக்கும் ஏபிஐ, அதாவது ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட நேரா கேட்டு வாங்கிக்கற வழி. புது பிளான் விட முன்ன வாரக்கணக்குல ஆகும், இப்ப பிளான் லிஸ்ட் இருக்குற கேட்டலாக்ல நாலு ஃபீல்டு மாத்தினா சாயங்காலமே லைவ். சாட்பாட் வேற. ரீசார்ஜ்னு டைப் பண்ணா உடனே லிங்க் வந்து நிக்கும், "ஏன் காசு போச்சு"ன்னு கேளுங்க, "மன்னிக்கவும், புரியவில்லை"ங்கும்.

உங்க ரூல் ஒண்ணு இருக்கு, 2012 நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறை. பிரீபெய்டு ஆளு தன்னோட கால் விவரம், எதுக்கு எவ்ளோ கழிஞ்சுதுங்கற கணக்கு எல்லாம் கேட்டா கம்பெனி 30 நாளுக்குள்ள குடுக்கணும், 50 ரூவா வரைக்கும் வாங்கிக்கலாம். அப்ப அது நியாயமா இருந்திருக்கலாம், பழைய டேட்டாவ தோண்டி எடுக்கணுமே. இன்னைக்கு ஒரு குவெரி போட்டா டீ ஆறுறதுக்குள்ள வந்துரும். எங்கப்பாவுக்கு போனது 38 ரூவா, அது எங்க போச்சுன்னு எழுத்துல வாங்க 50 ரூவா!

பில்லிங் ஆடிட் எல்லாம் நீங்க நடத்துறீங்க, 2023ல அதுக்கு புது விதிமுறையும் போட்டீங்க, நல்லது. ஆனா ஆடிட் பாக்குறது கணக்கு சரியா வந்துச்சாங்கறத. அப்பா கேஸ்ல கணக்கு பக்காவா சரி. மூணாவது தடவ கூப்ட்டு "எந்த சர்வீஸ் ஐடி, எந்த சேனல்ல ஆக்டிவேட் ஆச்சுன்னு பாருங்க மேடம்"னு எங்க பாஷைல கேட்டதும் லைன் மேல போச்சு, அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துருச்சு. காலர் டியூனாம். ரெக்கார்டட் கால் ஒண்ணுல ஏதோ நம்பர் அமுக்கிருக்காரு மனுஷன்.

நீங்க சொன்னா சாஃப்ட்வேர் மாறும், நான் கண்ணால பாத்தவன். 28 நாள் பிளான்னால வருஷத்துக்கு 13 ரீசார்ஜ்னு ஜனங்க புலம்பினாங்க, 2022 ஜனவரில 30 நாள் பிளான் ஒண்ணு, மாசாமாசம் அதே தேதில புதுப்பிக்கிற பிளான் ஒண்ணுன்னு கட்டாயமாக்கினீங்க. ஜனவரி 31ல போட்டவருக்கு பிப்ரவரில எந்தத் தேதின்னு கூட மாசத்தோட கடைசி நாள்னு உங்க உத்தரவுலயே இருந்துச்சு. அந்த கேஸ எல்லாம் உக்காந்து டெஸ்ட் பண்ணோம், ஓடுச்சு.

அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு போடுங்க. காசு கழிஞ்ச உடனே எதுக்குன்னு அவங்கவங்க பாஷைல ஒரு எஸ்எம்எஸ், ஆப்ல முழு விவரம் ஃப்ரீயா, கேர்ல இருக்குறவங்களுக்கும் அதே ரெக்கார்ட். யாருக்கு கால் பண்ணாங்கங்கற லிஸ்ட மட்டும் ஓடிபி கேட்டுட்டு காட்டட்டும், வீட்ல ஒரே போன நாலு பேரு வெச்சிருக்கற ஊரு இது, வம்பாயிரும்.

அப்பா டீக்கடைல சொல்லிட்டாரு போல. அவரு சோட்டாளுங்க மூணு பேரு வாட்ஸப்ல நம்பர் அனுப்பிருக்காங்க, "தம்பி எனக்கும் 20 ரூவா போச்சு, அந்த இங்கிலீஷ்ல கேட்டு சொல்லு"ன்னு. நான் அந்தக் கம்பெனில வேலைகூட பாக்கல ஐயா.

இப்படிக்கு,
சிறுசேரியிலிருந்து ஒரு டெஸ்டர்